வெற்றுப் பாட்டிலில் வந்த எண்

1.

இந்தக் கதை முழுக்க என்னுடையதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கடைக்காரர் மருந்தைக் கொடுத்துவிட்டு, இயந்திரம் துப்பிய ரசீதைக் கிழித்து நீட்டினார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பைக்குள்ள போட்டுடுங்க. கையில வேண்டாம்."

"ஏம்மா, கடிக்கவா போகுது?"

"கடிச்சாத் தேவலையே. கடிச்சா உடனே தெரிஞ்சுடும்."

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நான் வாங்க வந்த இருமல் மருந்தை மறந்துவிட்டு அவள் பின்னால் போய், கூச்சமில்லாமல் கேட்டேன். பேருந்து நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் பேசினாள். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை, கிழமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பன்னிரண்டு நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாதிரி பிரிக்கும் வேலையில் இருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தவறு செய்திருக்கிறாள். அது இப்போதுதான் தெரியவந்தது. அவளுக்கு ஒரு நாத்தனார், அந்த நாத்தனாருக்கு எட்டு வயதில் ஒரு மகள். அப்புறம், நாத்தனார் அவளிடம் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். மற்றதில் பெரும்பாலானதை நான் போட்டு நிரப்பியிருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்:

"நம் ஒவ்வொருவரின் இரத்தத்திலும், நமக்கே தெரியாமல், கண்ணுக்குப் புலப்படாத ஒரு படையெடுப்பு—"

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரியில் 'பத்துப் பேருக்குப் பகிருங்கள்' என்று எழுதத்தான் கை போகும்.

இரண்டாவது தொடக்கம்:

"குளிர்பெட்டியின் கதவைத் திறந்ததும் வெண்புகை எழுந்தது. உள்ளே தொள்ளாயிரம் தாய்மார்கள் உறங்கிக்கொண்டி—"

யாரும் உறங்கவில்லை. தாய்மார்கள் அந்த நேரத்தில் அவரவர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் இருந்தது அவர்களுடைய சிறுநீர். சிறுநீர் என்று எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு புகையைக் கிளப்பியிருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கம்:

"அண்ணி, என் நம்பரை மட்டும் சொல்லுங்க."

இது நிற்கிறது. இங்கிருந்தே போகலாம்.

3.

"அண்ணி, என் நம்பரை மட்டும் சொல்லுங்க," என்றாள் பாப்பா.

பாப்பாவுக்கு முப்பத்தாறு வயது. வீட்டுக்குக் கடைசிப் பெண்ணாகப் பிறந்ததால் பாப்பா; இனி அறுபதானாலும் பாப்பாதான். அவளுடைய அண்ணன் மனைவிக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் கண்ணாடி. கல்யாணமாகி வந்த மறுமாதமே அடுக்களையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களையெல்லாம் வெளியேற்றிவிட்டுக் கண்ணாடி ஜாடிகளை அடுக்கியவள். கைக்கு எண்ணெய்ப் பூச்சு கிடையாது, வாசனைத் தைலம் கிடையாது, உதட்டுச் சாயம் கிடையாது. "இந்த வீட்ல பிளாஸ்டிக்னா என்னோட மூக்குக்கண்ணாடி ஒண்ணுதான். அதையும் ஒரு மாதிரிதான் பாக்குறா" என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அது ஒரு பிற்பகல். அடுக்களை மேசையில் பாப்பா உட்கார்ந்திருந்தாள், எதிரே கண்ணாடி டம்ளரில் ஆறிப்போன டீ. கூடத்தில் அவள் மகள் குட்டி, மாமாவோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தாள். காய் குழியில் விழும் சத்தமும், "மாமா, ஏமாத்தாதீங்க!" என்ற சத்தமும் மாறி மாறி வந்தன.

"எனக்குத் தெரியாது பாப்பா. எங்களுக்கு வர்றது பேரில்லாம எண்ணு போட்ட பாட்டிலுதான். யாரு எந்த எண்ணுன்னு எங்க ஆய்வுக்கூடத்துப் பெரிய மேடம் பூட்டி வச்சிருக்காங்க," என்றாள் கண்ணாடி.

"நீங்கதானே அளந்தீங்க?"

"தொள்ளாயிரம் பாட்டில் அளந்தேன்."

"அதுல ஒண்ணு என்னோடது. நீங்கதானே என்னைச் சேத்துவிட்டீங்க? 'சும்மா கொஞ்சம் சிறுநீர் குடு, நாளைக்குப் பொறக்கப்போற புள்ளைங்களுக்கு உதவும்'னு சொன்னீங்க. இப்ப எம்புள்ளைக்குன்னு வரும்போது தெரியாதுங்குறீங்க."

குட்டிக்கு எட்டு வயதுதான். ஆனால் உடம்பு அவளைக் கேட்காமலே அவசரப்பட ஆரம்பித்திருந்தது. உயரம் திடீரென்று கூடியது. சோதனைகள் எடுத்தார்கள். மருத்துவர் கை எலும்பின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கு வயது பத்து என்றார். பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து வாருங்கள், தேவைப்பட்டால் பருவமடைவதை நிறுத்திவைக்க மருந்திருக்கிறது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, காரணம் பல இருக்கலாம், காரணமே இல்லாமலும் இருக்கலாம் என்றார்.

'காரணமே இல்லாமல்' என்பதை எந்தத் தாய் ஏற்றுக்கொள்வாள்? பாப்பா தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். கர்ப்பமாக இருந்த காலம் முழுக்க அவள் ஒரு பெரிய கடையில் பில் போடும் இடத்தில் வேலை பார்த்தாள். நாளுக்கு ஐந்நூறு ரசீது. கிழித்துக் கிழித்துக் கொடுத்த கை.

"நான்தான் அவளுக்குக் கெடுதல் பண்ணிட்டேனான்னு தெரிஞ்சா போதும் அண்ணி. ஆமான்னா ஆமான்னு வச்சுக்குறேன். இப்படி நடுவுல தொங்க முடியல."

கண்ணாடி டீயை எடுத்து மறுபடி சூடாக்கக் கொண்டுபோனாள். முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்ள வேறு வழி தோன்றவில்லை.

[ஏனென்றால் அவள் சொன்னது பொய். பாப்பாவின் எண் அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும்.]

4.

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் விளக்க வேண்டும். அறிவியல் பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கேரம் முடிய இன்னும் நேரமிருக்கிறது.

ரசீது அச்சடிக்கும் அந்தத் தாளுக்கு மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ஒரு பூச்சு உண்டு. பல காலம் அந்தப் பூச்சில் இருந்த பொருளின் பெயர் பிஸ்பீனால் என்று ஆரம்பிக்கும். அது தாளில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்காது, தொட்ட கைக்கு வந்துவிடும். கையிலிருந்து உடம்புக்குள் போகும். உடம்பு அதை ஒரு நாளைக்குள் பெரும்பாலும் சிறுநீரில் கழித்துவிடும். மறுநாள் மறுபடி தொடுவோம்.

அதனால் என்ன கெடுதல்? நம் உடம்புக்குள் ஹார்மோன்கள் ஒரு குரல் மாதிரி. வளரு, நிறுத்து, இப்போது வேண்டாம், இப்போது ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்த வீட்டு அம்மாள் உங்கள் அம்மாவின் குரலிலேயே "சாப்பிட வா" என்று கூப்பிட்டால் நீங்கள் விளையாட்டை விட்டு ஓடிப்போவீர்களா இல்லையா? அப்படிக் குரல் போலப் பேசும் பொருள்கள் சில இருக்கின்றன. அவை கத்த வேண்டியதில்லை. குரல் ஹார்மோனுடையது மாதிரி இருந்தால், மெல்லச் சொன்னாலும் உடம்பு திரும்பிப் பார்க்கும். கருவில் இருக்கும்போது இன்னும் கூர்மையாகக் கேட்கும் என்று சந்தேகிக்கிறார்கள்.

சந்தேகிக்கிறார்கள் என்றுதான் எழுத முடிகிறது. கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்க்க எந்த மனசாட்சியும் இடம் தராது. எலிக்குக் கொடுக்கலாம், எலி மனுஷி இல்லை. ஆகவே ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கும் மனிதர்களைச் சேர்த்து, அளந்து, பிறக்கும் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். தொள்ளாயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஏதோ ஒரு சாய்வு தெரியலாம். ஒரே ஒருத்தியை எடுத்துப் பார்த்தால், தலைகீழாக நின்றாலும் எதுவும் தெரியாது. பாப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் கண்ணாடியின் பாடு.*

(* இந்த ஆய்வு நான் இட்டுக்கட்டியது. நிஜ ஆய்வுகள் இதைவிடக் குழப்பமானவை, ஒன்றோடொன்று சண்டை போடுபவை.)

அளப்பதில் ஒரு தலைவலி உண்டு. அந்தப் பொருள் எங்கும் இருக்கிறது: குழாயில், மூடியில், தூசியில், அளப்பவள் கையில். பாட்டிலில் வந்த எண் தாயிடமிருந்து வந்ததா, நம்மிடமிருந்து போனதா? இதற்காக இருபது பாட்டிலுக்கு ஒன்று என்று வெறும் சுத்தத் தண்ணீரை நிரப்பி, மற்றவற்றுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வார்கள். அதற்குப் பெயர் வெற்றுப் பாட்டில். அதில் எதுவும் வரக் கூடாது. வந்தால் அது நம் கை. அதை மற்ற எண்களிலிருந்து கழித்துவிட வேண்டும்.

இந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நானும் ஒன்று ஓட்டிப் பார்த்தேன்.

0.

[வெற்றுப் பகுதி. இதில் கண்ணாடி இல்லை, பாப்பா இல்லை, குட்டி இல்லை. ஓர் அறையும் ஒரு நாற்காலியும் மட்டும். எதுவும் நடக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதியது இது:]

அறையில் ஒரு நாற்காலி இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. வெளியே மழை மெல்லத் தொடங்கியது. நாற்காலியில் ஏனோ யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல் இருந்தது. எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு.

பார்த்தீர்களா? யாருமே இல்லாத அறைக்கு மழையைக் கொண்டுவந்துவிட்டேன். யாருமே இல்லாத அறையில் பெருமூச்சு விட யார் இருக்கிறார்கள்? 'ஏனோ' வேறு. இதெல்லாம் என் கை. முப்பது வருடமாக எழுதிய கதைகளில் எத்தனை மழை எனக்குள்ளிருந்து பெய்ததோ தெரியவில்லை. இனிமேல் இந்தக் கதையில் மழை, பெருமூச்சு, ஏனோ எங்காவது வந்தால், தயவுசெய்து கழித்துவிட்டுப் படியுங்கள்.

5.

பாப்பாவின் எண் கண்ணாடிக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லையே.

மாதிரி கொடுக்கப் போன அன்று பாப்பாவுக்கு வாந்தி வந்தது. பாட்டில் மூடி கைதவறி விழுந்து உருண்டு எங்கேயோ போய்விட, செவிலியர் வேறு மூடி போட்டுவிட்டு, கூட வந்த சீட்டில் 'மூடி மாற்றப்பட்டது' என்று எழுதினார். பாப்பா அன்று மாலை அதைச் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் கண்ணாடியின் மேசைக்கு இருபது பாட்டில்கள் வந்தன. பதினேழாவது பாட்டிலின் சீட்டில் அதே இரண்டு சொற்கள்.

அவள் உடனே பெரிய மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பார்க்காமலாவது இருந்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து எண்கள் வந்தபோது அவள் கண் நேராகப் பதினேழாவது வரிக்குப் போனது. அந்த இருபதில் அளவில் அதுதான் மேலிருந்து இரண்டாவது.

அன்றிலிருந்து குட்டியின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அந்தப் பிள்ளையை ஏற இறங்கப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றதும் அவளுக்கு மூச்சு வரும். இந்த வருடம் வரவில்லை.

இனி அந்தத் தவறு. ஆய்வுக் கட்டுரையை வெளியிடும் முன் சரிபார்க்கும் யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: ஒரு குறிப்பிட்ட வசந்த காலத்தில் மட்டும் உங்கள் வெற்றுப் பாட்டில்களில் ஏன் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது? கழித்துவிட்டீர்கள், சரி. ஆனால் ஏன்?

பெரிய மேடம் அந்தக் கேள்வியைக் கண்ணாடியிடம் தள்ளினார். கண்ணாடி பழைய நோட்டுகளை எடுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் அதே தண்ணீர். பாட்டில் அதே பாட்டில். கழுவும் திரவம் மாறவில்லை. மூன்றாம் நாள் ஒரு பக்கத்தில் அவள் கண் நின்றது. அதுவரை பென்சிலால் எழுதியிருந்த எண் சீட்டுகள், அந்தத் தேதியிலிருந்து அழகாக அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தன. ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாகச் சீட்டு அச்சடிக்கும் சின்ன இயந்திரம் வந்திருந்தது. அதற்கு மை தேவைப்படவில்லை.

மை தேவைப்படவில்லை.

கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்தாள். எப்போதும் கையுறை போட்டுக்கொண்டுதான். அதே கையுறையால் சீட்டை உரித்து ஒட்டினாள், அதே கையுறையால் மூடியைத் திறந்தாள். தன் கை மாதிரியில் படக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவளுக்கு, சீட்டு கையுறையில் படுவது தோன்றவே இல்லை. வீட்டில் பிளாஸ்டிக் ஸ்பூனைக்கூட விட்டுவைக்காதவள்.

அவள் ஊகத்தோடு நிற்கவில்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த அந்த இயந்திரத்தில் பழைய சுருள் மிச்சம் இருந்தது. மூன்று பாட்டிலில் சுத்தத் தண்ணீர் எடுத்தாள். ஒன்றுக்குப் பென்சில் சீட்டு. ஒன்றுக்கு அச்சுச் சீட்டை ஒட்டிவிட்டு அதே கையுறையோடு திறந்தாள். மூன்றாவதற்கு அச்சுச் சீட்டை ஒட்டி, கையுறையை மாற்றிவிட்டுத் திறந்தாள். கருவியில் ஓட்டினாள். வரைபடத்தில் முதலும் மூன்றாவதும் தரையோடு தரையாகக் கிடந்தன. நடுவில் இருந்தது மட்டும் குன்று மாதிரி எழுந்து நின்றது.

கழித்தாயிற்றே, அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அரைமணி நேரம் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள். பிறகு நினைவு வந்தது: ஒவ்வோர் இருபதிலும் வெற்றுப் பாட்டிலுக்குத்தான் முதலில் சீட்டு ஒட்டுவாள். கையுறை அப்போதுதான் எடுத்த புதுக் கையுறை. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்ட ஒட்ட, திறக்கத் திறக்க, விரல்நுனியில் பூச்சு ஏறிக்கொண்டே போயிருக்கும். வெற்றுப் பாட்டிலில் வந்தது கொஞ்சம். பதினேழாவது பாட்டிலில் போனது எவ்வளவோ.

(துறை தெரிந்தவர்கள் ஒன்று கேட்பார்கள்: உடம்பு வழியாக வந்தது ஒரு வடிவிலும், வெளியிலிருந்து விழுந்தது வேறு வடிவிலும் இருக்குமே, பிரித்துப் பார்த்தால் தெரியுமே? தெரியும். இந்தக் கதையில் அந்த வருடம் இரண்டையும் சேர்த்தே அளந்தார்கள். இப்படிக் கெட்டுப்போனவை ஒட்டுமொத்தமாக நூற்றுநாற்பது பாட்டில்கள்.)

6.

என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வரும் இடம் இதுதான்.

அவள் பெரிய மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னாள். நல்லவள், நேர்மையானவள் என்று எழுதிவிட்டு நான் அடுத்த பகுதிக்குப் போயிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நூற்றுநாற்பது எண்களும் செல்லாமல் போகும். பாப்பாவின் எண்ணும் அதில் ஒன்று. ஒன்பது வருடமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த அந்த 'மேலிருந்து இரண்டாவது' ஒரே வார்த்தையில் இல்லாமலாகும். தன் தவறை ஒப்புக்கொண்டாளா, அந்த எண்ணைக் கொன்றாளா?

[பேருந்து நிறுத்தத்தில் இதை அவளிடமே கேட்டேன். "நானும் அதைத்தான் யோசிக்கிறேன். எனக்கே தெரியலைங்க" என்றாள். இது நான் போட்டதில்லை.]

பெரிய மேடம் படத்தில் இருந்த குன்றை வெகுநேரம் பார்த்தார். அறுபதை நெருங்கியவர், இந்தக் கட்டுரைதான் அவர் பணியின் கடைசிப் பெரிய வேலை.

"ஒன்பது வருஷம்," என்றார்.

"ஆமா மேடம்."

"கையுறை."

"ஆமா மேடம். என் தப்புதான்."

"மெஷினை வாங்கினது நான்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ ஒட்டுனே, நான் வாங்கினேன். ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்திருக்கோம். சரி, குளிர்பெட்டியில இருக்கிற ரெண்டாவது குழாய்க்கெல்லாம் என்ன சீட்டு ஒட்டினே?"

கண்ணாடி நிமிர்ந்தாள். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியைச் சின்னக் குழாயில் ஊற்றி மூடி, உறையும் குளிரில் வைப்பது வழக்கம். அந்தக் குளிரில் அச்சுச் சீட்டு உரிந்து விழுந்துவிடும் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று. அதனால் குழாய்களுக்கு மட்டும் பழைய துணி நாடாவில் பென்சிலால்தான் எழுதினாள். அதுவும் பெரிய பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டத் தொடங்கும் முன்பே, முதல் வேலையாக.

"பென்சில் மேடம்."

"அப்ப அது சுத்தமா இருக்கும். எடு. நூத்தி நாப்பதையும் திரும்ப ஓட்டு. எப்ப வரும்?"

"வியாழக்கிழமை."

மூடி மாறிய விஷயத்தை அவள் அன்றும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அந்தக் குழாயை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அதைச் சொல்லவிடாமல் தடுத்தது நான்தானா அவள்தானா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே நின்றிருக்கும், ஆகவே என் மேல்தான் சந்தேகம் அதிகம்.

7.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அதே அடுக்களை. கூடத்தில் அதே கேரம். இந்த முறை கண்ணாடியே ஆரம்பித்தாள்.

"பாப்பா, நான் உங்கிட்ட பொய் சொன்னேன். உன் நம்பர் எனக்குத் தெரியும்."

பாப்பா டீ டம்ளரைத் தள்ளிவைத்தாள். பிறகு, "தெரியும்னு தெரியும். நீங்க அடுப்பைப் பாத்துப் பேசினப்பவே தெரியும்," என்றாள்.

"அது தப்பான நம்பர். நான்தான் கெடுத்துட்டேன்." கையுறையிலிருந்து குன்று வரை எல்லாவற்றையும் சொன்னாள். பில் போட்டவளுக்கு அந்தத் தாளைப் பற்றி விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினேழாவது பாட்டில் என்றபோது மட்டும் பாப்பா விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப என் நம்பர் அதிகமா இருந்துச்சு. அதைத்தானே சொல்ல வர்றீங்க?"

"இருந்துச்சு. அதுல எவ்வளவு உன்னோடது, எவ்வளவு என் கையுறையோடதுன்னு இப்ப தெரியாது. ரெண்டாவது குழாயைத் திரும்ப ஓட்டுறேன். வியாழக்கிழமை தெரியும்."

"கம்மியா வந்தா?"

"கம்மியா வந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது பாப்பா. அது முந்தின நாள் நீ எதைத் தொட்டியோ அதோட கணக்கு. ஒரு நாளு."

பாப்பா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "முந்தின நாளு எனக்கு லீவு. வாந்தின்னு வீட்லயே படுத்திருந்தேன்."

"அப்ப கம்மியா வந்தா அது லீவோட நம்பர்."

"அதிகமா வந்தா?"

"அதிகமா வந்தாலும், அதனாலதான் குட்டிக்கு இப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது. உனக்குப் பக்கத்துல பில் போட்டாளே ஒருத்தி, அவ புள்ளை நல்லாத்தானே இருக்கு? எங்களால தொள்ளாயிரம் பேரைப் பத்திப் பேச முடியும். உன்னைப் பத்திப் பேசத் தெரியாது. இதுக்குத்தான் படிச்சோமான்னு எனக்கே வெக்கமா இருக்கு."

கூடத்தில் சிவப்புக் காய் விழுந்து மாமா தோற்றுப்போன ஆரவாரம் கேட்டது. பாப்பா அண்ணியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுதாள். [கழிக்க வேண்டாம், பாப்பா அழுததை அந்தப் பெண்ணே சொன்னாள்.]

"அண்ணி, அந்தப் பாட்டில்ல விழுந்தது எம்புள்ளை மேல விழலைன்னு எனக்குப் புரியாம இல்லை. ரெண்டும் வேற வேறதான். இருந்தாலும் இது உங்க தப்புன்னு நீங்க சொன்னப்ப, ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா?"

"தெரியும்."

"வியாழக்கிழமை வரைக்கும் உங்க தப்பாவே இருந்துட்டுப் போகட்டுமே அண்ணி."

நான் முதலிலேயே சொன்ன அந்த ஒரே வாக்கியம் இதுதான். பன்னிரண்டு நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது. என் வெற்றுப் பகுதியைத் திரும்பிப் பாருங்கள், இது அதில் இல்லை. எத்தனை காலி அறையை எழுதினாலும் இது என் கையிலிருந்து வந்திருக்காது.

"சரி," என்றாள் கண்ணாடி. "என் தப்பு."

அப்போது குட்டி வந்து அடுக்களை வாசலில் நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தை, என்ன தப்பு பண்ணீங்க?"

"கையுறை மாத்த மறந்துட்டேன்."

"அவ்வளவுதானா?" என்றாள் குட்டி. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஓடிப்போனாள்.

[குட்டியைப் பேசவைத்தது நான். குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தாமல் எனக்கு ஒரு காட்சியை முடிக்கத் தெரியாது. விருப்பமிருந்தால் கழித்துவிடுங்கள். எனக்கு மனம் வரவில்லை.]

8.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: வியாழக்கிழமை எண் குறைவாக வருகிறது. கண்ணாடி ஓடிவந்து சொல்கிறாள். பாப்பா, "லீவு நம்பர்" என்கிறாள். இருவரும்— இருவரும் என்ன செய்வார்கள்? சிரிப்பார்களா? பாப்பா அன்று படுக்கையில் கிடந்தபடி மற்ற நாட்களின் ரசீதுகளை எண்ணிக்கொண்டிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது: எண் அதிகமாக வருகிறது. மறுபடி மேலிருந்து இரண்டாவது. கண்ணாடி அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "சரியா வரலை பாப்பா, குழாய் உடைஞ்சு போச்சு" என்கிறாள். நல்ல பொய். ஆனால் அடுப்பைப் பார்த்துச் சொன்னால் பாப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று நானே மேலே எழுதிவைத்துவிட்டேன்.

மூன்றாவது: வியாழக்கிழமை காலை, கண்ணாடி பெரிய மேடத்திடம் மூடி விஷயத்தைச் சொல்கிறாள். மேடம் அந்தக் குழாயை எடுத்து, எண்ணை மாற்றி, மற்றவற்றோடு கலந்துவிடுகிறார். இனி யாருக்கும் தெரியாது. பாப்பா ஆயுசுக்கும் ஒரு சாய்வில் ஒரு புள்ளியாக இருப்பாள். இதுதான் சரியான முடிவு. ஆகவே எழுதும்போது எனக்குத் தூக்கம் வந்தது. வெளியே மழை—

மழை இல்லை. கழித்துவிட்டேன்.

நான் அவளைப் பார்த்தது செவ்வாய்க்கிழமை. பேருந்துப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாளு" என்றாள். முகத்தில் பயம் இருந்தது. ஆனால் நாத்தனாரின் பாரத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டவளின் நிம்மதியும் இருந்தது என்று நான் எழுதினால், அது அவள் முகமா என் கையா என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அவர்களுக்கு வந்திருக்கும். ஆய்வுக்கூடம் அதைத் தள்ளிப்போட முடியாது, பாப்பா தள்ளிப்போட முடியாது, குட்டியின் எலும்பும் தள்ளிப்போடாது. எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு. எனக்குத் தெரிந்து இந்த வேலையில் வேறு பெரிய உபயோகம் இல்லை. ஆகவே இந்தக் கதையில் வியாழக்கிழமை வராது. இங்கே பாப்பாவின் மடியில் அண்ணியின் கை இருக்கிறது, கூடத்தில் காய் அடுக்குகிறார்கள், அது அண்ணியின் தப்பு.

உங்களுக்கு எண் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன். எழுதும் முன் ஒரே ஒரு வேலை: வேறொரு தாளில், யாருமே இல்லாத ஓர் அறையைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். அதில் என்ன வருகிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

வியாழக்கிழமை, பதினேழாவது குழாய்: ................